கார் சர்வீஸுக்கு முன்பணமா? கணக்குப் போடுங்க தோழிகளே!

கால் கிலோ புளி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், கார் விஷயம் என்றால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். பணம் என்னவோ நம் வீட்டு வரவு செலவிலிருந்துதானே போகிறது?

சென்ற வருடம் நாங்கள் புதுக் கார் எடுத்தபோது ஷோரூமில், "இப்பவே 24,000 ரூபாய் கட்டிட்டா நாலு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் வரைக்கும் சர்வீஸ் கவலையே இல்லை மேடம்" என்றார்கள். என் கணவர் தலையாட்டத் தயாராகிவிட்டார். நான்தான், "ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனியா என்ன ஆகும்னு எழுதிக் கொடுங்க" என்றேன்.

முதல் வருடம் கூலி இலவசம், ஆயில், ஃபில்டருக்கு மட்டும் 2,200. அடுத்த இரண்டு வருடமும் தலா 4,800. நாலாவது பெரிய சர்வீஸ் 6,500. கூட்டினால் 18,300 தான்! மீதி 5,700 எதற்கு என்றால் விலைவாசி ஏறுமாம். பட்டியலைப் படித்தால், காரோடு தந்த கையேடு கேட்காத பாலிஷ், ஏ.சி. சுத்தம் எல்லாம் உள்ளே இருக்கிறது. பின்னாளில் கையைக் கடிக்கிற டயர், பேட்டரி, பிரேக் பேடு, கிளட்ச் எதுவுமே இல்லை!

"திட்டம் எடுக்கலைன்னா வாரண்டி போயிடும்" என்றும் பயமுறுத்தினார்கள். வாரண்டி புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கையேட்டில் சொன்னபடி காலாகாலத்தில் சர்வீஸ் செய்து, பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். வாரண்டி பழுதுக்கு, இந்தத் திட்டம் வழக்கமான சர்வீஸுக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

திட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு அக்காவின் கணவர் வேலைக்காக மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவர்கள் எடுத்த திட்டத்தில் பிரேக் பேடும் சேர்த்தி. அவர்களுக்கு அது லாபம்தான். ஆனால் அந்த ஓட்டத்துக்கு 40,000 கிலோமீட்டர் இரண்டே கால் வருடத்தில் முடிந்துவிடும். 'நாலு வருஷம்' என்பது பேருக்குத்தான்!

நாங்கள் அந்த 24,000-ஐ மொத்தமாகக் கட்டவில்லை. மாதம் 500 ரூபாய் பேங்க் ஆர்.டி.யில் போடுகிறேன். வருடத்துக்கு 6,000. சர்வீஸ் போக மிச்சம் டயருக்கு ஆச்சு!

கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்கள்: எந்தெந்த பாகம் சேர்த்தி? நாம் வேறு ஊருக்குப் போனால் அங்கே செல்லுமா? காரை விற்றால் பணம் திரும்புமா, வாங்குகிறவர் பெயருக்கு மாறுமா? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். சொன்னபடி செய்யாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

பேனாவும் பேப்பரும் எடுத்து ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள், போதும்.

– ஒரு வாசகி, திருச்சி.