மலைக்குப் புறப்படுமுன் காலைப் பாருங்கள்



செப்ரெம்பர் மாதம் பிறந்துவிட்டால் பகேரியாவிலும் பலெர்மோவிலும் எம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். 3ஆம் திகதி இரவு புனித ரொசாலியாவின் மலைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதே அந்தப் பேச்சு. 1624ஆம் ஆண்டு பலெர்மோவைக் கொள்ளைநோய் வாட்டியபோது மொந்தே பெல்லெகிரீனோ மலைக் குகையில் புனிதையின் எலும்புகள் கிடைத்தன என்றும், அவற்றை நகரைச் சுற்றி எடுத்துச் சென்றபின் நோய் நீங்கியது என்றும் இவ்வூர் மக்கள் நம்புகின்றனர். சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு இல்லாமல் எம்மவரும் அந்த மலைக்கு ஏறி வருகின்றனர். பலர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகின்றனர்.

இதே காலத்தில் பிள்ளைகள் பாடசாலையிலிருந்தோ சாரணர் இயக்கத்திலிருந்தோ ஒரு கடதாசியைக் கொண்டுவந்து நீட்டுகின்றனர். மலையேறும் சப்பாத்து, மழைச் சட்டை, உறங்கும் பை, முதுகுப்பை என்று நீண்ட பட்டியல் அதில் இருக்கும். அதைப் பார்த்த பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது: "டொக்டர், இதெல்லாம் உண்மையாத் தேவையோ? ஊரில நாங்கள் செருப்பு இல்லாமலே நடக்கேல்லையோ?"

நடந்தோம்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்ததை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே மணிக்கணக்கு எடுத்தது. அப்போது மருத்துவ மாணவர்களாக இருந்த நாம், அடுத்த நாட்களில் பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களின் கால்களைக் கழுவிக் கட்டுப்போட்டோம். அறுந்த செருப்போடு நடந்த பாதங்கள், நனைந்த சேலை உரசிப் புண்ணான தொடைகள், நீரிழிவு மருந்து வீட்டிலேயே தவறிப்போன முதியவர்கள் என்று பலவற்றைக் கண்டோம். அன்று எதை உடுப்பது, எதை எடுப்பது என்று தெரிவுசெய்ய எவருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்று எமக்கு அது இருக்கிறது. ஆகவே "அன்று நடந்தோமே" என்பது இன்று அப்படியே நடப்பதற்குக் காரணம் ஆகாது.

ஒரு சிறு கொப்பளம்

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்த ஒரு தந்தையின் கதையைச் சொல்கிறோம். வயது ஐம்பதைத் தாண்டியவர், பத்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். நேர்த்திக்காக வெறுங்காலுடன் மலையேறி இறங்கினார். நோ எதுவும் தெரியவில்லை என்று பெருமையோடு சொன்னார். அந்த நோ தெரியாமைதான் அவருடைய நோய் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் காலுறையில் இருந்த ஈரத்தைக் கண்டு மகள்தான் அழைத்து வந்தார். பாதத்தின் கீழே கொப்பளம் உடைந்து சீழ் பிடித்திருந்தது. ஒரு விரலை இழந்த பின்னரே புண் ஆறியது. அதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் வேலைக்கும் போக முடியவில்லை.

தென்னாசியரான எமக்கு நீரிழிவு வருவதற்கான வாய்ப்பு ஐரோப்பியரைவிட அதிகம். அது இளவயதிலேயே வருவதும் உண்டு. சீனி நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. கல் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. எனவே நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் மலையேறுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நேர்த்தி வைத்தவர்களுக்கு எமது வேண்டுகோள் இதுதான்: ஊர்க் கோயிலில் வாசலில்தானே செருப்பைக் கழற்றினோம், வீட்டிலிருந்தே கழற்றிவிட்டுப் போகவில்லையே. மலையைச் சப்பாத்துடன் ஏறி, ஆலய வாசலில் கழற்றி வணங்குங்கள். பக்தியில் ஒரு குறையும் வராது.

காலுக்கு

பணம் குறைவாக இருந்தால் முதலில் சப்பாத்துக்குச் செலவிடுங்கள். மற்றவற்றை இரவல் வாங்கலாம். சப்பாத்தை இரவல் வாங்கக் கூடாது. கடையில் "ஸ்கர்போனி" என்று கேட்டால் மலைச் சப்பாத்தைக் காட்டுவார்கள்.

1. மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும்.

2. மலைக்குப் போடப்போகும் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகங்கள் மோதிக் கறுத்துவிடும்.

3. குதி மேலெழும்பக் கூடாது. அடிப்பகுதி ஆழமான பள்ளங்களுடன் இருக்க வேண்டும். மொந்தே பெல்லெகிரீனோவின் பழைய பாதை கல் பதித்த பாதை. வழுவழுப்பான அடியுள்ள செருப்பும் சிலிப்பரும் அங்கே, முக்கியமாக இறங்கும்போது, வழுக்கும்.

4. புதுச் சப்பாத்துடன் நேரே மலைக்குப் போகாதீர்கள். பகேரியாவில் இருப்பவர்களுக்கு மொந்தே கத்தல்பானோ பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 375 மீற்றர் உயரந்தான். இரண்டு, மூன்று தடவை அங்கே நடந்து பழகுங்கள்.

5. பல ஆண்டுகளாக அலுமாரியில் கிடந்த சப்பாத்தை நம்பாதீர்கள். பாவிக்காமலே அதன் அடிப்பகுதி உக்கிப்போய், நடுவழியில் கழன்றுவிடும்.

6. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்பளத்தை வரவழைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்த காலுறை நல்லது. மேலதிகமாக ஒரு சோடி கொண்டுபோங்கள். காலில் ஓரிடம் சூடாக உரசுவதாகத் தோன்றினால் உடனே நின்று பிளாஸ்ரர் ஒட்டுங்கள். "மேலே போய்ப் பார்ப்போம்" என்றால் அங்கே கொப்பளம் காத்திருக்கும்.

உடலுக்கு

சிசிலி வெப்பமான தீவு. 2021 ஓகஸ்ற் 11ஆம் திகதி சிராக்கூசாவுக்கு அருகே பதிவான 48.8 பாகை செல்சியஸ் ஐரோப்பாவின் மிக உயர்ந்த வெப்பநிலை என உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டது. "நாங்கள் யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தவர்கள்" என்று சிலர் சொல்வார்கள். கறுப்புத் தோல் வெயில் தோலை எரிப்பதைக் குறைக்கும். ஆனால் வெப்பத் தாக்கத்திலிருந்து அது எம்மைக் காப்பாற்றாது. கோடையில் மெல்லிய, தளர்வான, வெளிர்நிற நீளக்கைச் சட்டையும், சுற்றிவர விளிம்புள்ள தொப்பியும் அணியுங்கள். விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். சிரொக்கோ காற்று வீசும் நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இதே தீவில் குளிரும் இருக்கிறது. நூறு மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். மதோனிய மலைகளில் உயரமான பிட்சோ கார்பொனாரா 1,979 மீற்றர். ஆகவே பகேரியாக் கடற்கரையில் 20 பாகை இருக்கும் நாளில் அங்கே 8 பாகை அளவுதான் இருக்கும். காற்றும் வீசினால் இன்னும் குளிரும். எற்னாவோ 3,300 மீற்றருக்கும் மேல்.

குளிரில் எமது முதல் எதிரி ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். பருத்தி பெனியனும் ஜீன்ஸும் நனைந்தால் இலகுவில் காயாது. எனவே மலைக்கு மூன்று அடுக்காக உடுத்துங்கள். உடலை ஒட்டி, வியர்வையை வெளியேற்றும் பொலியெஸ்ரர் அல்லது கம்பளிச் சட்டை. அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் பிளீஸ் அல்லது கம்பளிச் சுவெற்றர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மழைச் சட்டை. ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நிற்கும்போது போடுங்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடும் ரீசேட்டே முதல் அடுக்குக்குப் போதும். மழைச் சட்டையை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

தோளுக்கு

கையில் சொப்பிங் பையுடன் மலையேறாதீர்கள். வழுக்கினால் பிடிப்பதற்கு இரு கைகளும் வேண்டும். முதுகுப்பையில் இடுப்புப் பட்டி இருக்க வேண்டும். சுமை தோளில் அல்ல, இடுப்பில் இறங்க வேண்டும். பெரியவர்கள் தமது உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், சிறுபிள்ளைகள் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுமக்காதிருப்பது நல்லது.

வெப்பமான நாளில் மணிக்கு அரை லீற்றர் தண்ணீர் வேண்டும். மேலே வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். அதோடு தலையில் கட்டும் ரோச் லைற், ஊதுகுழல், பிளாஸ்ரர், கட்டுத்துணி, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி என்பனவும் பையில் இருக்கட்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு மலையேற்றத்தில் சீனி திடீரென இறங்கலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடியுங்கள், அல்லது சிறிய பெட்டிப் பழச்சாறு ஒன்றைக் குடியுங்கள். சொக்கலேற் மெதுவாகவே வேலை செய்யும். அது இதற்கு உதவாது. இன்சுலினை வெயிலில் சூடாகவோ பனியில் உறையவோ விடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்குச் சலம் போகும் குளிசை எடுப்பவர்கள் புறப்படுமுன் தமது வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒருவர் வெயிலில் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 112ஐ அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

இரவு தங்குவதானால்

உறங்கும் பையை, இங்கே "சாக்கோ அ பேலோ" என்பார்கள், வாங்கும்போது அதிலுள்ள பாகை அளவைப் பாருங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மிகக் குறைந்த பாகையை விட்டுவிட்டு, "கொம்போர்ட்" என்ற இடத்திலுள்ள பாகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கட்டாயம் ஒரு பாய் வேண்டும். உடற்பாரத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் நிலக்குளிர் நேரே முதுகில் ஏறும்.

எமது வீடுகளுக்கு மிக முக்கியமான எச்சரிக்கை: கூடாரத்துக்குள் காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ ஒருபோதும் வைக்காதீர்கள். இறைச்சி சுட்டு முடிந்த கரியைக் குளிருக்காக உள்ளே எடுப்பதும் கூடாது. தணல் மங்கினாலும் அதிலிருந்து காபன் மொனொக்சைட் வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவர்கள் எழும்பவே மாட்டார்கள். கோடையில் காட்டில் நெருப்பு மூட்டுவதற்கும், இயற்கை ஒதுக்கிடங்களில் கூடாரம் அடிப்பதற்கும் தடை இருப்பதால், அனுமதியுள்ள முகாமிடங்களுக்கே போங்கள்.

புற்களினூடே நடக்கும்போது நீளக் காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள். சிசிலியில் உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல் ஒன்று உண்டு. திரும்பி வந்து இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், உள்ளங்கை உள்ளங்காலிலும் தடிப்பு, கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு என்பன கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் போய், மலைக்குப் போனதையும் சொல்லுங்கள். நேரத்தோடு மருந்து எடுத்தால் குணமாகும்.

பிள்ளைகளை விடுங்கள்

இறுதியாக ஒன்று. கூடாரம் என்றாலே எம்மில் பலருக்கு அகதி முகாம்தான் நினைவுக்கு வருகிறது. "காசு குடுத்து ஏன் ரென்ருக்குள்ள படுக்க வேணும்?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. எமக்கும் பதில் உடனே வரவில்லை. ஆனால் எமது பிள்ளைகளுக்கு அந்த நினைவு இல்லை. அவர்களுக்குக் கூடாரம் என்றால் நண்பர்கள், நட்சத்திரம், சிரிப்பு. அவர்கள் எதிலிருந்தும் ஓடவில்லை, விரும்பித்தான் நடக்கிறார்கள். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

ஆகவே அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போடுங்கள். சப்பாத்தைச் சரிபார்த்து அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு சோடி வாங்கிக்கொண்டு கூடவே நடவுங்கள். திரும்பி வந்ததும் எல்லோருடைய பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.