பியானோ மாற்றிய பாட்டு

முப்பது வயது நிறைந்த ஒரு பாடகருக்கு அவருடைய மனேஜர் பிறந்தநாட் பரிசாகப் பியானோ ஒன்றை அனுப்பி வைத்தார். அந்தப் பரிசின் காரணமாக ஒரு வாத்தியக் கோஷ்டியின் நாதமே மாறிப் போயிற்று என்றும், அதன் இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர் என்றும் கூறினால் நேயர்கள் நம்புவார்களோ? 2016ஆம் ஆண்டில் அலெக்ஸ் டேர்னர் என்னும் ஆங்கிலப் பாடகரின் லொஸ் ஏஞ்சல்ஸ் இல்லத்துக்கு அந்தப் பியானோ வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னரும் ஒரு பரிசு உண்டு. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரின் ஓரத்திலுள்ள ஹை கிறீன் என்னும் இடத்தில் டேர்னரும் ஜேமி குக் என்பவரும் அயல் வீட்டுப் பையன்கள். 2001ஆம் ஆண்டு நத்தாருக்கு இருவருக்கும் ஆளுக்கொரு கிற்றார் கிடைத்தது. அடுத்த ஆண்டு கோஷ்டி ஒன்று உருவாயிற்று. நண்பர்கள் எல்லோரும் கிற்றாரைப் பிடித்துக்கொண்டமையால், மற் ஹெல்டர்ஸ் என்பவருக்கு டிரம்ஸ் மாத்திரமே எஞ்சியது. கோஷ்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஆர்க்டிக் மங்கீஸ்’, அதாவது வடதுருவத்துக் குரங்குகள்! நேயர்கள் நகைக்க வேண்டாம்; பதினாறு வயதில் வைக்கும் பெயர் வேறெப்படி இருக்கும்?

பெரும் இசைத்தட்டுக் கம்பனிகளைச் சாராது, சிறு கம்பனிகளோடு நின்று தம் இஷ்டப்படி பாடுகின்ற கோஷ்டிகளை மேல்நாட்டார் ‘இண்டி’ என்பர். இவர்களும் டொமினோ என்னும் அத்தகைய கம்பனியோடு சேர்ந்தவர்களே. ஆரம்பத்தில் தம் பாட்டுகளை இறுவட்டில் பதிந்து கச்சேரிக்கு வந்தோருக்கு இலவசமாகவே கொடுத்தனர். இரசிகர்கள் அவற்றை இணையத்தில் பரப்பினர். 2006 ஜனவரியில் முதலாவது தொகுதி வெளிவந்தபோது, பிரித்தானியாவில் ஒரே வாரத்தில் 363,000க்கு மேற்பட்ட பிரதிகள் விலைப்பட்டன. இரவுக் களியாட்டக் கூடத்தின் வாசற் காவலன், கடைசி வாடகைக் காருக்காக நடக்கும் சச்சரவு ஆகியவையே பாட்டுப் பொருள். உச்சரிப்போ கலப்பில்லாத ஷெபீல்ட் பேச்சு. தம் தெருவையே பாட்டில் கண்ட இளைஞர்கள் அவர்களைத் தம்மவராகக் கொண்டாடியதில் வியப்பில்லை.

பின்வந்த தொகுதிகளிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. ஆயினும் 2013இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற ‘ஏ எம்’ வரை கிற்றாரே அரசு செலுத்தியது. அதன் பின் ஐந்தாண்டு மௌனம். 2018 மே மாதத்தில் வந்தது ‘ட்ரான்குவிலிற்றி பேஸ் ஹோட்டல் அன்ட் கசீனோ’ என்னும் ஆறாவது தொகுதி. 1969இல் அப்பலோ 11 சந்திரனில் இறங்கிய இடத்தின் பெயரே அது. அங்கே ஓர் உல்லாச ஹோட்டல் இருப்பதாகக் கற்பனை! மேலட்டையிலுள்ள கடதாசி மட்டை மாதிரியையும் டேர்னரே வெட்டி ஒட்டினார்.

இங்கே ஒரு சங்கீத விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். மின்சாரக் கிற்றாரின் ஒலியைக் கரகரப்பாக்கி முழக்கும்போது, பல சுரங்களை ஒருங்கே மீட்டினால் அவை குழம்பி இரைச்சலாகிவிடும். ஆகவே றொக் வாத்தியக்காரர் பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களோடு நிறுத்திக் கொள்கின்றனர். அந்த முழக்கத்துக்கு மேலே கேட்க வேண்டுமாயின் பாடகர் உரத்தும் விரைந்தும் பாட வேண்டும். பியானோவிலோ பத்து விரலுக்கும் வேலையுண்டு. இடக்கை கீழே ஒரு வழியாகச் செல்ல, வலக்கையில் ஒரே ஒரு சுரம் மாறினாலும் பாட்டின் முகபாவம் மாறிவிடுகின்றது. தட்டிய சுரம் மெல்லத் தேய்கின்ற இடைவெளியில், பேசுவது போலச் சொற்களை வைக்கலாம். இத்தொகுதியில் டேர்னர் செய்தது அதுவே. அவருடைய தந்தையார் சங்கீத ஆசிரியர். சிறு பராயத்தில் மகனும் பியானோ பயின்றவர்தான். வீட்டில் விட்ட பாடத்தை முப்பது வயதில் மறுபடி தொட்டார் என்று நாம் எண்ணிக் கொள்கின்றோம்.

வீட்டில் தனியே அவர் பதிந்தவற்றை முதலிற் கேட்டவர்களுள் அயல் வீட்டுத் தோழர் குக் ஒருவர். இவை கோஷ்டிக்குரிய பாட்டுகளா, தனி ஒருவருக்குரியவையா என்ற சந்தேகம் எழக்கூடிய கட்டம் அது. கிற்றாருக்கு வேலை குறைந்த அப்பாட்டுகளை அந்தக் கிற்றார்காரரே மனமுவந்து வரவேற்றார். நண்பர்கள் பாரிசுக்கு அண்மையிலுள்ள லா பிறெற் கலையகத்திற் கூடி அவற்றைப் பூர்த்தி செய்தனர்.

இரசிகர்கள் அத்தனை இலகுவில் இணங்கவில்லை. தாம் ஆடிய பாட்டு எங்கே என்று சிலர் மனம் நொந்தனர். எமக்கும் முதற் கேள்வியில் ஏமாற்றமே. ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டு தொடங்கியதே தெரியவில்லை. மூன்றாம் முறையளவில், சந்திரனிலுள்ள ஓர் உணவகத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வழங்கும் ‘ஃபோர் அவுட் ஒஃப் ஃபைவ்’ எம்மைப் பிடித்துக் கொண்டது. முடிவை நெருங்குகையில் அதன் சுருதி மாறி மேலேறும் இடம் உண்மையிலேயே இன்பந் தருவது. நடுப்பகுதிப் பாட்டுகள் சில இன்றும் எமக்கு மந்தமாகவே தோன்றுகின்றன. குறை கூறியவர்கள் எல்லோரும் ஞானசூனியர் அல்லர்.

தொகுதி பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. முதல் வாரத்தில் இசைத்தட்டாக மாத்திரம் 24,500 பிரதிகள் விற்றன. பழைய வழிக்குத் திரும்புவர் என்று காத்திருந்தோருக்கு 2022 ஒக்டோபரில் ‘த கார்’ விடையளித்தது. அதில் வயலின் முதலான தந்தி வாத்தியங்கள் பெருகி, பாட்டு இன்னும் நிதானமடைந்தது. முந்திய ஆறு தொகுதிகளும் முதலிடம் பெற்றிருக்க, இது இரண்டாம் இடத்தில் நின்றது. ஆயினும் 2023இல் கிளாஸ்டன்பரி விழாவின் பெருங்கூட்டத்துக்கு முன் அவர்கள் கச்சேரியை ஆரம்பித்தது அத்தொகுதியின் நிதானமான பாட்டு ஒன்றைக் கொண்டே. பழைய வேகப் பாட்டுகளும் அன்றிரவு வந்தன. அதன் பின்னரே வந்தன.