தரவுத்தளம் இல்லாத வலைப்பூ

1995 அக்டோபர் 27 அன்று சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் ஒரு கவிதைத் தொகுப்பை இணையத்தில் தொடங்கிவைத்தார். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கவிதைகள். அதில் தமிழைத் திரையேற்றியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அந்தக் கால வலைப்பக்கங்கள் பெரும்பாலும் வெறும் கோப்புகள்தாம். சேவையகத்தில் கிடக்கும் கோப்பு, கேட்டவருக்கு அப்படியே போய்ச் சேரும்.

பிறகு 2003இல் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருள் வந்தது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போது ஒரு நிரல் ஓடி, தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தைக் கட்டித் தரும். செய்தித்தளத்துக்கு இது தேவைதான். வாரம் ஒரு கட்டுரை போடுபவருக்கு? தேர் இழுக்கும் வடத்தால் பூத்தொடுப்பதுபோல. போதாக்குறைக்கு, புதுப்பிக்காமல் விட்ட செருகுநிரல்கள் வழியாக ஊடுருவிகள் நுழைகிறார்கள்.

ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் பழைய வழிக்கே திரும்புகிறது. கைவேலையை மட்டும் கணினியிடம் விடுகிறது. எழுதுபவர் எளிய உரைக்கோப்பாகக் கட்டுரையைச் சேமித்தால், மென்பொருள் அதை வார்ப்புருவில் பொருத்தி முழுத்தளத்தையும் முன்னதாகவே உருவாக்கிவிடும். நிரல் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2008இல் வெளியிட்ட ஜெக்கில் என்ற மென்பொருள் இந்த முறையைப் பரப்பியது. 2013இல் அதே வகையில் ஸ்டீவ் ஃபிரான்சியாவின் ஹியூகோ வந்தது.

இது கணினிப் பித்தர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூர் அரசின் ஓப்பன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ் குழு, அரசு அமைப்புகளின் தளங்களுக்காக உருவாக்கிய ஐசோமர், ஜெக்கிலை அடித்தளமாகக் கொண்டே வளர்ந்தது. அந்த வடிவில் அதிகாரி உலாவியில் திருத்தினார். திருத்தம் கிட்ஹப்பில் கோப்பாகச் சேர்ந்தது. தளம் மறுபடி கட்டப்பட்டது. பக்கத்தைத் தருமிடத்தில் தரவுத்தளம் இல்லாததால், அதை உடைக்கும் வேலையும் எவருக்கும் இருக்கவில்லை.

தேக்கா சந்தையைப் பற்றி ஒருவர் எழுதத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹியூகோவை நிறுவி, ஒரு கட்டளையில் தளத்தை உருவாக்கி, பிடித்த வார்ப்புருவை இணைக்கலாம். ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் தலைப்பு, தேதி, கீழே உரை. சொந்தக் கணினியிலேயே முன்னோட்டம் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் எழுதுபவர் முகவரியில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 'தேக்கா' என்ற சொல் யூனிகோடில் ஆறு குறிகள். இணைய முகவரியாக நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் 54 எழுத்துகளாக நீளும். கோப்பின் தலையில் ரோமன் எழுத்தில் குறுமுகவரி கொடுத்துவிட்டால் வாட்ஸ்அப்பில் பகிர அழகாக இருக்கும்.

எம்ஆர்டி பயணத்தில் கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து வெளியிடும் பழக்கம் உள்ளவருக்கு இந்த முறை எரிச்சலூட்டும். அவர் வேர்ட்பிரஸிலேயே இருக்கலாம்.

முடிந்த தளத்தைக் கிட்ஹப் பேஜஸ் சேவை, கோப்புகள் பொதுவில் இருக்கச் சம்மதித்தால், இலவசமாகவே தாங்கும். வரம்பு 1 ஜிபி. எழுத்துக்கு அது ஆயுளுக்கும் போதும். சிராங்கூன் சாலைத் தீபாவளி ஒளியூட்டுப் படங்களோ தலா 5 எம்பி என்றால் இருநூறிலேயே இடத்தை நிரப்பிவிடும். ஏற்றுமுன் சுருக்கிக்கொள்வது நல்லது.