சேமிப்புப் பெட்டியைத் தொடக்கநிலைக்குத் திருப்புவது எப்பொழுது?

இக்காலத்து இல்லங்கள் பலவற்றில் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி இடம்பெற்றுள்ளது. 'நாஸ்' என வழக்கில் வழங்கும் இப்பெட்டி, ஒன்றோ பலவோ வன்வட்டுக்களை உள்ளடக்கி, வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் ஒருங்கே எடுத்தாளுமாறு கோப்புக்களைக் காத்துவருவது. திருமணப் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் அதனுள் அடங்கும். அஃது இடக்குப் பண்ணுங்கால், 'தொடக்கநிலைக்குத் திருப்பிவிடுங்கள், சரியாகிவிடும்' என்று அறிந்தாரும் அறியாதாரும் கூறுவர். அவ்வாறு செய்தற்குரிய காலமும் உண்டு. செய்யலாகாக் காலம் அதனினும் மிகுதி.

'பக்டறி றீசெற்' என்னும் ஆங்கில வழக்கை 'மீட்டமைப்பு' என மொழிபெயர்த்தமை எமக்கு உடன்பாடன்று. மீட்டல் என்றதும், இழந்த பொருள் திரும்பக் கிடைக்கும் என்றே தமிழறிந்தார் கருதுவர். இங்கே மீள்வது பெட்டியேயன்றி அதனுட் கிடந்த பொருளன்று. ஆலையிலிருந்து வந்த நாளில் அஃது எவ்வாறு வெறுமையாய் இருந்ததோ அவ்வாறே மீண்டும் ஆகின்றது.

பெட்டியின் பின்புறத்துள்ள சிறு துளையினுள் ஊசியால் அழுத்தும் பொத்தானுக்கும் முழுத் திருப்பத்துக்கும் வேறுபாடு உண்டு. சினோலொஜிப் பெட்டிகளில் அப்பொத்தானை ஏறத்தாழ 4 செக்கன் அழுத்தி, ஓரொலி கேட்டவுடன் விட்டால், நிருவாகியின் கடவுச்சொல்லும் வலையமைப்பு ஒழுங்குகளுமே தொடக்கநிலையை அடையும், கோப்புக்கள் அழியா. கியூநாப் பெட்டிகளில் 3 செக்கன் அழுத்தினால் இதனையொத்த பயன் விளையும். ஆதலின், கடவுச்சொல்லை மறந்தவர் முழுத் திருப்பத்தை நாடவேண்டுவதில்லை. மாதிரிக்கு மாதிரி முறை வேறுபடுமாதலால், கைந்நூலைப் படித்த பின்னரே ஊசியை எடுத்தல் வேண்டும்.

வன்வட்டொன்று பழுதுற்றமையைச் செவ்விளக்கு அறிவிக்குமாயின் அப்பொழுதும் திருப்புதல் தகாது. இரு வட்டுக்களில் ஒன்றையொன்று ஒத்த பிரதிகள் இருக்குமாயின், எஞ்சிய வட்டில் யாவும் உள. முதலிற் கோப்புக்களை வேறிடத்திற் படியெடுத்து, பின்னர்ப் பழுதுற்றதை மாற்றிப் புதியதை இட்டால் பெட்டி தானே அதனை நிரப்பிக்கொள்ளும். திருப்பினாலோ, நல்ல வட்டில் இருந்ததும் போய்விடும்.

தீநிரல் புகுந்த காலத்தும் அவசரம் கூடாது. 2021 ஏப்பிரிலில் கியூலொக்கர் என்னும் தீநிரல் கியூநாப் பெட்டிகள் பலவற்றுட் புகுந்து, கோப்புக்களைக் கடவுச்சொல்லிட்ட பொதிகளாக்கிப் பணங் கேட்டது. பொதியும் வேலை நடந்துகொண்டிருக்கையில் அக்கடவுச்சொல்லைப் பெட்டியினின்றே கண்டறிய வாய்ப்பிருந்தமையால், பெட்டியை நிறுத்தவேண்டாம் என்று கொம்பனியே அறிவுறுத்தியது. பதறி நிறுத்தினவர் அவ்வாய்ப்பை இழந்தனர். நலமான பிரதியொன்று வேறிடத்தில் உண்டு என்பதைத் திறந்து பார்த்துத் தெளிந்த பின்னரே முழுவதும் அழித்துப் புதிதாய்த் தொடங்கல் தகும். அங்ஙனந் தொடங்குவோர் புதிய மென்பொருளை நிறுவிய பின்னரே கோப்புக்களை உள்ளே இடுக. பழைய ஓட்டை அப்படியே இருப்பின் திருப்பியும் பயனில்லை.

உரியவர் கேளாமலே திருப்பம் நிகழ்ந்த வரலாறும் உண்டு. வெஸ்டேர்ண் டிஜிற்றல் கொம்பனியின் 'மை புக் லைவ்' பெட்டிகளுக்கு 2015 இன் பின் மென்பொருட் புதுப்பிப்பு வழங்கப்படவில்லை. 2021 யூன் மாதத்தில், உலகின் பல பாகங்களிலும் அப்பெட்டிகளை வைத்திருந்தோர் தம் கோப்புக்கள் மறைந்திருக்கக் கண்டனர். தொடக்கநிலைக்குத் திருப்புமாறு கட்டளையிடுபவர் உரியவர்தாமோ எனச் சோதிக்கும் பகுதி, 2011 இல் மென்பொருளைத் திருத்தியமைத்தபோது செயலற்றுப் போயிருந்தது. ஆகவே, கடவுச்சொல் அறியாத அயலாரும் இணையவழியே அக்கட்டளையை இட முடிந்தது. பெட்டிகளை இணையத்தினின்று உடனே துண்டிக்குமாறு கொம்பனி வேண்டியது; பின்னர்த் தரவு மீட்கும் பணிக்கும் ஒழுங்கு செய்தது. புதுப்பிப்பு நின்றுபோன பெட்டி எவரிடமேனும் இருப்பின், அதனை இணையத்தோடு இணையாது வைத்திருப்பதே முறை.

முழுத் திருப்பம் தவறாது செய்யவேண்டிய தருணம், பெட்டி கைமாறும் தருணமே. பழைய பெட்டியொன்றை வாங்குபவர், முன்னவர் விட்டுச்சென்ற கணக்குகளும் நிரல்களும் ஒழியுமாறு முதலில் அதனைச் செய்க. விற்பவரோ, விரைவு முறையோடு அமைதல் ஆகாது. விரைவு முறை பெரும்பாலும் அட்டவணையை மாத்திரம் அழிப்பது. நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தாலும் உள்ளே ஏடுகள் கிடப்பது போல, கோப்புக்கள் வட்டிற் கிடக்கும். தக்க மென்பொருளுடையார் அவற்றை எடுத்துப் படிப்பர். ஆதலின் வட்டு முழுவதும் மேலெழுதி அழிக்கும் முறையையே தெரிந்துகொள்க. பெரிய வட்டாயின் இதற்குப் பல மணி நேரம் செல்லும். அதற்கிடையில் மின்சாரம் தடைப்பட்டால் மீளவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவ்வளவு பொறுமையில்லாதவர் வட்டைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியை விற்றுவிடலாம்.