வெள்ளி போனது, ஈயம் நின்றது

வெள்ளம் வடிந்தபின் வயலில் படிந்திருக்கும் வண்டலைக் கண்டு மனம் நோகும் கமக்காரர் அரிது. அடுத்த போகத்துக்கான பசளையை ஆறே கொண்டுவந்து தந்துவிட்டது என்றுதான் எண்ணுவோம். ஆனால் வண்டலே மாட்டைக் கொன்ற ஓர் இடத்தைப் பற்றி இங்கு எழுதுகின்றோம்.

பிரித்தானியாவின் மேற்குப் பகுதியான வேல்ஸில் 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெருமழை பெய்து ஆறுகள் கரைபுரண்டன. வெள்ளம் மூடிச் சென்ற புல்வெளிகளில் புல்லை வெட்டி, காற்றுப் புகாதபடி அமுக்கிப் பதப்படுத்தி, மாடுகளுக்குத் தீனாகக் கொடுத்தார்கள். மாடுகள் நோயுற்றன. சில இறந்தும் போயின. தீனைச் சோதித்த ஆய்வாளர்கள், ஒரு கிலோகிராமில் 1900 மில்லிகிராம் வரை ஈயம் இருந்ததைக் கண்டு 2014இல் வெளியிட்டார்கள். புல்லோடு ஒட்டியிருந்த வெள்ளச் சேற்றில்தான் அந்த ஈயம் இருந்தது. அந்தச் சேறு, மலைமேல் ஒரு நூற்றாண்டளவாகக் கைவிடப்பட்டுக் கிடக்கும் வெள்ளி, ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்தது.

அச்சுரங்கங்களுள் பழமையானது கூம் இஸ்ட்வித். 'கூம்' என்றால் வேல்ஸ் மொழியில் பள்ளத்தாக்கு. அங்கே இஸ்ட்வித் என்னும் ஆறு ஓடி, அபரிஸ்ட்வித் நகரில் கடலோடு கலக்கின்றது. ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன்னரே அம்மலையில் மனிதர் செம்பு தோண்டியிருக்கின்றனர். பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி வெடிக்கச் செய்து, கல்லுச் சம்மட்டியால் உடைத்திருக்கின்றனர். அக்கற்களும், தண்ணீர் வெளியேற்ற வைத்த மரப்பீலியும் அகழ்வில் கிடைத்தன.

இனி, அந்த மலைக்குள் ஈயம் எப்படி வந்தது என்று பார்ப்போம். இன்று மலையாக நிற்பது, ஏறக்குறைய 44 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் அடியில் படிந்த சேறும் மணலுமே ஆகும். அது இறுகிப் பாறையாகியது. பின்னர் நிலத்தின் பெரும் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கியபோது பாறை மடிந்து மேலெழுந்தது, வெடித்துப் பிளந்தது. ஆழத்திலிருந்த சூடான உப்புநீர், சேற்றுப் பாறையில் அங்குமிங்கும் சிறிது சிறிதாகக் கலந்திருந்த உலோகங்களைக் கரைத்துக்கொண்டு அப்பிளவுகளின் வழியே ஏறியது. ஏறும்போது குளிர்ந்தது, குளிர்ந்தபோது, கரைந்திருந்தவை பிளவின் சுவர்களில் படிந்தன. கேத்தலின் உள்ளே உப்புப் படிவதை நம் வீடுகளிலும் காண்கின்றோம் அல்லவா? காரணம் வேறானாலும், தண்ணீர் சுமந்ததைத் தண்ணீரே இறக்கிவைக்கும் செயல் இரண்டிலும் உண்டு. இவ்வாறு பிளவு நிறைந்து உருவாவதையே தாதுநாளம் என்பர். நாளத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளைக் கல், அதாவது படிகக்கல். அதன் நடுவே கலேனா என்னும் ஈயத்தாது, நாகத்தாது, கொஞ்சம் செம்புத்தாது, பொன்போல் மினுங்கி ஏமாற்றும் இரும்புக் கந்தகக்கல் ஆகியவை கிடக்கும்.

கலேனாவை ஒருமுறை கையில் எடுத்தவர் மறக்கமாட்டார். அதே அளவு படிகக்கல்லைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம். சாம்பல் நிறத்தில் பளபளக்கும். உடைத்தால் சிறுசிறு சதுரக் கட்டிகளாகவே உடையும். அதன் நிறையில் நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் ஈயம், மிச்சம் கந்தகம். வெள்ளியோ கண்ணுக்குத் தெரியாது. அது கலேனாவுக்குள்ளேயே மிகச் சிறிய அளவில் ஒளிந்திருக்கும். ஒரு தொன் ஈயத்திலிருந்து சில நூறு கிராம் வெள்ளி கிடைத்தாலே இலாபம் என்று கருதினர். உருக்கிய ஈயத்தை எலும்புச் சாம்பலால் செய்த தட்டில் வைத்துக் காற்று ஊதினால், ஈயம் காற்றோடு கூடி வேறுபொருளாகி விலகிப்போக, வெள்ளி மட்டும் துளியாக எஞ்சும்.

அந்தத் துளிக்காக நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. 1568இல் இங்கிலாந்து நீதிமன்றம், பொன்னோ வெள்ளியோ கலந்த தாது யாருடைய காணியில் கிடந்தாலும் அது முடிக்கே உரியது என்று தீர்த்தது. ஈயத்துக்குள் வெள்ளி இருந்ததால், காணிக்காரரின் ஈயமும் அரசனுக்குப் போயிற்று. 1637இல் அபரிஸ்ட்வித் கோட்டைக்குள் நாணயச்சாலை ஒன்றும் அமைத்து, அம்மலைகளின் வெள்ளியைக் கொண்டே காசு அடித்தனர். 1690 அளவில் அயல் மலையொன்றில் செழிப்பான நாளம் அகப்பட்டபின் வழக்குகள் பெருகி, 1693இல் சட்டம் மாறியது. அதன்படி ஈயத்தாது நிலவுடைமையாளருக்கே உரியதாயிற்று. குறித்த விலையில் அதை வாங்கும் உரிமை மட்டும் முடிக்கு இருந்தது. இங்கு நிலவுடைமையாளர் என்றது பெரும் பிரபுக்களையே. அந்நிலத்தில் குத்தகைக்கு ஆடு மேய்த்தவர்களை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

துறவிகளையும் இக்கதையில் விட்டுவிட முடியாது. கூம் இஸ்ட்வித் மலைகள் ஒரு காலத்தில் ஸ்ட்ராட்டா புளோரிடா என்னும் சிஸ்டேர்சியன் மடத்துக்கு உரியவை. 1530களின் பிற்பகுதியில் அவ்வழியே போன ஜோன் லீலண்ட் என்னும் பயணி, ஈயம் உருக்க எரித்தே அங்கிருந்த காடுகள் அழிந்தன என்று எழுதிவைத்திருக்கின்றார். மடத்துக் காணியிலும் மரம் மரமாகத்தான் எரிந்தது.

தாதுவைப் பிரித்த முறையே பிற்காலத் துன்பத்தின் வேர். நம் வீடுகளில் அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியைச் சுழற்றச் சுழற்ற அரிசி தண்ணீரோடு வழிந்துபோக, பாரமான கல் அடியில் தங்கும். சுரங்கத்திலும் இதுவே நடந்தது. ஆனால் அங்கே அடியில் தங்கும் பாரக்கல்தான் வேண்டியது. கல்லை நொறுக்கி ஓடும் நீரில் அலசினர். கலேனா அடியில் தங்கியது. மாவாகப் பொடிந்த கலேனாவோ மிதந்து தண்ணீரோடு போயிற்று. நாகத்தாதுக்கு அக்காலத்தில் விலை இல்லாததால் அதையும் கழிவோடு கொட்டினர். பின்னாளில் கூரைத் தகரத்துக்கு நாகம் பூசத் தொடங்கியபோதுதான் அதைத் தேடிப் பொறுக்கினர். அதற்கும் முன்னர், மலையுச்சியில் அணை கட்டி நீரைத் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மேல்மண்ணை அடித்துச்செல்ல வைத்து நாளத்தைத் தேடிய வழக்கமும் இருந்தது. அந்தப் பள்ளங்கள் இன்றும் மலைச்சரிவில் தெரிகின்றன. அடித்துச் சென்ற மண்ணெல்லாம் ஆற்றில் இறங்கிக் கீழே இருந்த புல்வெளிகளில் படிந்தது.

அங்கு வேலை செய்தவர்களுட் பலர் சிறுகாணி வைத்திருந்த கமக்காரரே. காலையில் சுரங்கம், மாலையில் மாடு. வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது, பலர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களைத் தேடிப் போயினர். ஊரை விட்டுப் போவது என்னவென்று இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

பாறைக்குள் இருக்கும்வரை கலேனா யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பொடியாக்கி மழையிலும் காற்றிலும் போட்டால் அது மெல்ல மாறுகின்றது. கந்தகம் பிரிந்து, வெள்ளையும் பச்சையுமான புதிய கனிமங்கள் உண்டாகின்றன. இவற்றின் அழகுக்காகவே சேகரிப்பவர்கள் கழிவுக் குவியல்களைக் கிளறுகின்றார்கள். இரும்புக் கந்தகக்கல் நீரைப் புளிப்பாக்க, நாகமும் ஈயமும் இன்னும் இலகுவாகக் கரையும். 1920களில் கத்லீன் கார்பென்டர் என்ற பெண் விஞ்ஞானி அவ்வாறுகளை ஆராய்ந்து, கரைந்த ஈயம் மீனின் பூவில் சளியைத் திரளச்செய்து அதை மூச்சடைக்க வைக்கின்றது என்று காட்டினார்.

மாட்டெருவைப்போல ஈயம் உக்குவதில்லை. களியோடும் உக்கிய இலைகுழைகளோடும் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே இருந்துவிடும். வேர் வழியாகப் பயிருக்குள் ஏறுவது குறைவே; இலையில் படியும் தூசியும் சேறுமே பெரிய வழி. மாடு மேயும்போது மண்ணையும் சேர்த்தே விழுங்குகின்றது. குழந்தையோ மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே இன்றைய மருத்துவம் சொல்வது. ஈயமுள்ள மண்ணில் விளைந்த கீரையை நன்கு அலசுவதும், கிழங்கைத் தோல் சீவிச் சமைப்பதும், சாப்பிடுமுன் கை கழுவுவதும் அதனாலேதான்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏறுவதற்குச் சுரங்கம் வேண்டியதில்லை. பிரித்தானியாவிலேயே அதற்கு மிகப் பொதுவான காரணம், மேய்ச்சல் நிலத்தில் எறியப்பட்ட பழைய வாகனப் பற்றரி. அதன் உள்ளே இருக்கும் தகடுகளும் ஈயமே. மாடு அவற்றை நக்கும். நீங்கள் திரும்பிச்சென்று துப்புரவாக்கும் காணியில் உடைந்த பற்றரி கிடந்தால், அதைக் கிணற்றடியிலோ மாட்டுக்கொட்டிலருகிலோ போட்டுவைக்க வேண்டாம். பிள்ளைகள் அதை உடைத்து ஈயம் உருக்க விடவும் வேண்டாம்.

கூம் இஸ்ட்வித்தின் கழிவுக் குவியல்களில் பெரும்பகுதி இன்றும் மொட்டையாகவே கிடக்கின்றது. ஆயினும் இப்பகுதியின் மற்றொரு சுரங்கமான கொகினானில் புல் ஒருவகை முளைத்திருந்தது. 1952இல் அந்தனி பிராட்ஷோ என்ற தாவரவியலாளர் அதைக் கவனித்தார். சுரங்க மண்ணில் அந்தப் புல்லை நட்டபோது வளர்ந்தது. சாதாரண மேய்ச்சல் நிலத்திலிருந்து எடுத்த அதே இனப் புல்லை நட்டபோது அதன் வேர் ஓடவில்லை. ஈயத்தைத் தாங்கிய சில செடிகள் தப்பிப் பிழைத்து, அவற்றின் விதையே அங்கு பரவியிருந்தது. பின்னர் அவ்விதையைப் பெருக்கி, 'கொகினான்' என்ற பெயரிலேயே விற்பனைக்கும் விட்டனர். வெறுமையாய்க் கிடந்த ஈயக் கழிவுகளை மூடவும், மழை அவற்றை ஆற்றுக்கு இழுத்துச் செல்லாமல் தடுக்கவும் அதை விதைத்தார்கள். அதன் இலையிலும் ஈயம் ஏறுவதால், அங்கே மாட்டை மேயவிடுவதில்லை.