மணியாகும் மகரந்தம்

மழைக்காலம் வந்துவிட்டால் டில்லி மாநகரின் தெருவோரங்களில் கரியடுப்புகள் தோன்றிவிடுகின்றன. தணலில் வாட்டி, உப்பும் எலுமிச்சையும் தடவித் தரப்பெறும் மக்காச்சோளக் கதிரை இங்குள்ளோர் ‘புட்டா’ என்பர். தென்னாட்டினின்று வந்து இங்குக் குடியேறிய நம் குடும்பங்களிலும் அதனைச் சுவையாதார் அரியர். கதிரைக் கையில் வாங்கும் நம் சிறுவர்கள், “இந்த இடத்தில் மட்டும் ஏன் மணி இல்லை?” என்று கேட்பதுண்டு. வரிசையாய் அமைந்த மணிகளின் நடுவே, பல் விழுந்தாற்போல ஓர் இடைவெளி காணப்படுவதை நாமும் கண்டிருக்கிறோம். எளிய இவ்வினாவிற்கு விடை தேடப் புகுவோர், இயற்கையின் நுட்பமானதொரு வேலைப்பாட்டைக் காண்பர்.

கதிரை உரிக்கும்போது நாம் குப்பையென எறிந்துவிடும் பட்டு நூல் போன்ற இழைகளை நினைவிற் கொள்வோம். ஒவ்வோர் இழையும் ஒரு சூலுடன் இணைந்துள்ளது. ஒரு சூல் ஒரு மணியாக வேண்டும். செடியின் உச்சிப் பூங்கொத்திலிருந்து காற்றில் வரும் மகரந்தத்தூள் இழையின்மீது படிந்து முளைத்து, மெல்லிய குழாயொன்றை உள்ளே செலுத்துகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே பருமனுள்ள அத்தூளின் குழாய், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இழையையும் ஊடுருவிச் செல்லவல்லது. இப்பயணம் ஏறக்குறைய ஒரு நாளில் முடிகிறது. குழாய் சுமந்து செல்லும் இரண்டு ஆண் உயிரணுக்களுள் ஒன்றால் கரு உண்டாகிறது. மற்றொன்றால் நாம் மென்று உண்ணும் மாவுப் பகுதி உண்டாகிறது. குழாய் சென்று சேராத சூல் மணியாவதில்லை.

1820-களில் பருப்புக்கீரையின் பூவை நுண்ணோக்கியால் ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் அமிச்சி, மகரந்தத்திலிருந்து குழாய் வெளிப்படுவதைக் கண்டறிந்தார். தசையும் எலும்பும் அற்ற இக்குழாய் எவ்வாறு முன்னேறுகிறது? உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே அதனை உந்துகிறது. மிதிவண்டியின் ரப்பர் ட்யூபில் நைந்துபோன இடமொன்று இருப்பின், காற்றடிக்கும்போது அவ்விடமே புடைத்துக்கொண்டு வருமன்றோ? அதுபோலவே, மகரந்தக் குழாயின் சுவர் நுனியில் மட்டும் நெகிழ்ந்தும் மற்ற இடங்களில் இறுகியும் இருத்தல் வேண்டும்.

லில்லி, புகையிலை முதலிய செடிகளின் குழாய்களில் இச்செய்தி நன்கு ஆராயப்பெற்றுள்ளது. நுனிச் சுவர் பெரும்பாலும் பெக்டின் என்னும் பொருளாலானது. கொய்யாப்பழ ஜெல்லியை நம் சமையலறையில் உறையச் செய்வதும் இப்பெக்டினே. நுனியில் புதிதாய் வந்து சேரும் பெக்டினில் மெத்தில் என்னும் சிறு கூறுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது இறுகாமல் இருக்கிறது. குழாய் நீள நீள, அப்பகுதி பின்தங்குகிறது. அப்போது நொதியொன்று மெத்தில் கூறுகளை அகற்றிவிடுகிறது. உடனே கால்சியம் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க, சுவர் கெட்டிப்படுகிறது. இன்னும் சற்றுப் பின்னால் கேலோஸ் என்னும் பொருள் உட்பூச்சாகப் படிந்து சுவரை வலுவாக்குகிறது. மேலும், ஆங்காங்கே கேலோஸ் அடைப்புகள் தோன்றிப் பின்பகுதியை மூடிவிடுவதால், உயிர்ச்சத்து முழுவதும் முன்பகுதியிலேயே நிலைபெறுகிறது.

இங்குச் சிறிது பிசகினும் பயணம் கெடும். சுவர் அளவுக்கு மிஞ்சி நெகிழ்ந்தால் குழாய் வெடித்துவிடும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் வளர்ச்சி நின்றுவிடும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், குழாயின் கட்டுக்கோப்பைக் காக்கும் இரு புரதங்கள் 2009-ஆம் ஆண்டில் கண்டறியப்பெற்றன. அவ்விரண்டும் இல்லாத மகரந்தத்தின் குழாய், முளைத்தவுடனே வெடித்து வீணாயிற்று. ஆயினும், வெடித்தலே பயணத்தின் முடிவுமாகும் என்பது எண்ணத்தக்கது. சூலினுள் உரிய இடத்தை அடைந்தபின் குழாயின் நுனி திறந்து, தான் சுமந்து வந்ததை ஒப்படைத்துவிட்டு அழிகிறது. உரிய காலத்திற்கு முன் வெடித்தால் இழப்பு. உரிய இடத்தில் வெடித்தால் விளைச்சல்.

இவ்வாராய்ச்சியில் நாம் வாழும் டில்லிக்கும் பெருமைக்குரிய பங்குண்டு. டில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைவராக விளங்கிய பஞ்சானன் மகேஷ்வரியும், அவருடன் உழைத்த குசும் காந்தா, ரங்கசுவாமி ஆகியோரும் 1962-ஆம் ஆண்டில் அரியதொரு சோதனையை வெளியிட்டனர். கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக்குழாயில் ஊட்டக்கரைசலின் மீது வைத்து, அவற்றின்மேல் மகரந்தத்தைத் தூவினர். மகரந்தம் சூல்களின்மீதே முளைத்துக் குழாய்விட, கருவுற்ற சூல்கள் விதைகளாயின. பூவினுள் மகரந்தக் குழாய் கடக்கவேண்டிய நீண்ட வழியை மனிதர் குறுக்கிவிட முடியும் என்பதை உலகம் இதனால் உணர்ந்தது. இயல்பாய் ஒன்றுசேராத செடிகளைக் கலந்து புதுவகைகளை உண்டாக்க முயல்வோர்க்கு இம்முறை ஒரு வழியைத் திறந்தது.

இஃது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. நம் இலையில் விழும் சோறும் மகரந்தக் குழாயின் உழைப்பினால் விளைந்ததே. நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைக் கடந்து நின்றால், மகரந்தம் உதிர்வதும் முளைப்பதும் குன்றிப் பதர் மிகும். போரான் என்னும் சத்துக் குறைந்த நிலத்தில், கோதுமை பூத்தும் மணி பிடிக்காமற் போவதுண்டு. மகரந்தக் குழாயின் சுவர் உறுதிபெற அச்சத்துத் தேவை. உழவரின் ஓராண்டு உழைப்பு, பூக்கும் அச்சில நாட்களைச் சார்ந்து நிற்கிறது. வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், வேளாண் அறிஞர்கள் வெப்பம் தாங்கும் நெல்வகைகளையும், காலையின் குளிர்ந்த வேளையிலேயே பூக்கும் வகைகளையும் தேடி உழைப்பது இதன்பொருட்டேயாம்.

ஆகவே, அடுத்த மழைநாளில் நம் குழந்தைகள் கதிரின் இடைவெளியைச் சுட்டிக்காட்டி வினவினால், ‘பூச்சி தின்றிருக்கும்’ என்று சொல்லித் தட்டிக்கழித்தல் வேண்டா. பூச்சி தின்றதும், இளமணி நீரின்றி வாடியதும் காரணமாக இருத்தல் கூடும்; பயணமொன்று முடிவுறாமல் நின்றுபோனதும் காரணமாக இருத்தல் கூடும். உரித்தெறிந்த பட்டிழையொன்றை எடுத்து அவர்தம் கையில் வைத்து, “ஒவ்வொரு மணிக்கும் இப்படியொரு வழி இருந்தது” என்று காட்டுவோம். நிறைந்திருக்கும் மணிகளை அவர்கள் எண்ணத் தொடங்குவர்.