களத்தில் ஒரே விதி; பரிசில் பல விதி

புது தில்லி: கோ-கோ ஆட்டத்தில் கட்டுப்பாடு முழுவதும் துரத்துபவருக்கே. அமர்ந்திருக்கும் சக வீரர்களின் வரிசையை ஊடறுத்து அவர் மறுபக்கம் செல்லக் கூடாது; ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் கம்பத்தை அடையும் வரை திரும்பவும் கூடாது. அமர்ந்திருப்பவரின் முதுகைத் தொட்டு "கோ' என்று சொல்லி, துரத்தும் பொறுப்பை ஒப்படைக்கலாம். தப்பியோடுபவரோ எல்லைக்கோட்டைத் தாண்டாத வரை எப்படியும் ஓடலாம்.

அணிக்கு 9 பேர், 9 நிமிடம் என்பது பழைய முறை. 2025 ஜனவரியில் தில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பைப் போட்டியில் இது 7 பேர், 7 நிமிடம், 4 சுற்று என்று சுருக்கப்பட்டது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பிடிபடாமல் நிற்பவர்களுக்கும் புள்ளி உண்டு. ஓடித் தப்புவதும் ஆதாயமாயிற்று.

இவ்விதியை முழுதாகப் பயன்படுத்தியவர் மைசூரு மாவட்டம், டி. நரசிபுரா வட்டம், குருபூர் கிராமத்தைச் சேர்ந்த பி. சைத்ரா. ஜனவரி 19-ம் தேதி மகளிர் இறுதி ஆட்டத்தில் அவர் பங்கேற்ற தடுப்பாட்டம் 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. நேபாளத்தை 78-40 என்று இந்தியா வென்றது. ஆட்ட நாயகி விருது சைத்ராவுக்குக் கிடைத்தது. ஆடவர் பிரிவிலும் நேபாளத்தை 54-36 என்று இந்தியா வீழ்த்தியது. அந்த அணியில் கர்நாடகத்தின் எம்.கே. கெளதமும் தமிழகத்தின் வி. சுப்பிரமணியும் இடம்பெற்றிருந்தனர்.

சர்ச்சை ஊர் திரும்பிய பின் எழுந்தது. சைத்ராவுக்கும் கெளதமுக்கும் தலா ரூ. 5 லட்சம் வழங்கப்படும் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். இருவரும் ஏற்க மறுத்தனர். அதே அணிகளில் ஆடிய மகாராஷ்டிர வீரர்களுக்கு அம்மாநில அரசு தலா ரூ. 2.25 கோடியும் அரசு வேலையும் அறிவித்திருந்தது அவர்களின் வாதம். சித்தராமையாவும் மைசூரு மாவட்டத்துக்காரர்தான் என்பது அவர்களது வருத்தத்தைக் கூட்டியிருக்கக் கூடும்.

மகாராஷ்டிரத்தின் தாராளத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இவ்விளையாட்டுக்கு எழுத்து வடிவில் விதிகள் அமைவதில் புணேயின் டெக்கான் ஜிம்கானாவுக்குப் பெரும் பங்குண்டு. உலகக் கோப்பை வென்ற இரு அணிகளின் தலைவர்களான பிரதீக் வாய்கரும் பிரியங்கா இங்ளேயும் அம்மாநிலத்தவர்களே. அங்கு கோ-கோ அரசியல்வாதிகள் அலட்சியப்படுத்த முடியாத ஆட்டம்.

அரசியல் சாசனத்தின் 7-வது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 33-வது இனத்தில் விளையாட்டு இடம்பெற்றுள்ளது. ஆகவே, மாநிலம் அளிக்கும் பரிசுத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை. எனினும், 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்த விரும்பும் மத்திய அரசு, தேசிய அணியில் ஆடுவோருக்குக் குறைந்தபட்ச அளவுகோல் ஒன்றை மாநிலங்களுக்குப் பரிந்துரைக்கத் தடையேதும் இல்லை.